பதினான்காவது ஜாக்கெட்

கைத்துணி மட்டும்தான் பாக்கி. முன்பக்கம், முதுகு, இடுப்புப் பட்டி, லைனிங் எல்லாம் வெட்டி அடுக்கியாச்சு, இந்த இரண்டு கையையும் வெட்டி மெஷினில் கொடுத்தால் அரைமணி நேரத்தில் ஜாக்கெட் முடிந்து கொடிக்குப் போய்விடும், ஆனால் சகாயமேரி பத்தரை மணியிலிருந்து அந்தக் கத்தரிப்பூக் கலர் துணியை மேஜையில் விரிப்பதும் தடவுவதும் மறுபடி மடிப்பதுமாக இருக்கிறாள், சாக்கட்டி விரலில் கரைந்ததுதான் மிச்சம். கொடியில் பதிமூன்று ஜாக்கெட் தொங்குகிறது. பதிமூன்றும் ஒரே கலர், ஒரே கழுத்து, ஒரே கை, அஞ்சரை இஞ்ச். நாளைக்கு வார்டு ஆபீஸ் ஹாலில் பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள், விடியல் மகளிர் குழுவிலிருந்து பதினாலு பேரும் ஒரே மாதிரி புடவையில் போய் நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள். குழுத்தலைவி பூங்கோதை கறாராகச் சொல்லிவிட்டாள், கை நீளம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும் சகாயம், போன வருஷம் ஒருத்தி பஃப் கை, ஒருத்திக்குக் கையே இல்லை, போட்டோவைப் பார்க்கச் சகிக்கல. சரிதான், தையல்காரிக்கு இதைவிட லேசான வேலை ஏது, ஒரே அளவுக்கு அட்டை வெட்டி வைத்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு பதினாலும் வெட்டலாம். பதிமூன்று அப்படித்தான் வெட்டினாள். பதினாலாவது இந்துமதியுடையது. மாடி வீட்டு இந்துமதி, சகாயமேரியின் மெஷினுக்கு நேர் மேலே அவள் வீட்டு ஹால். நேற்று சாயங்காலம் ஜன்னல் வழியாகவே பையை நீட்டி, உள்ளே வராமல், அக்கா எனக்கு மட்டும் கை முழங்கைக்குக் கீழ வர்ற மாதிரி வைங்கக்கா என்றாள். ஏன் என்று சகாயமேரி கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டிவரும், அவள் சொன்னால் தான் அதைத் தெரிந்துகொண்டவளாக ஆக வேண்டிவரும். சரிம்மா என்று பையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

பையில் இருந்தது அளவு ஜாக்கெட். நாலு வருஷமாக இந்துமதி உடம்பில் டேப் வைத்ததில்லை சகாயமேரி, முதல் தடவை மட்டும்தான், கல்யாணமாகி வந்த புதுசு, வாயெல்லாம் சிரிப்பு, கையைத் தூக்கச் சொன்னால் கூச்சத்தில் நெளிவாள். அதற்கப்புறம் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து இதே அளவுக்கா என்பதோடு சரி. அளவு நோட்டில் இருக்கிறது எல்லாம். சகாயமேரி அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், ஆனாலும் விரல் தானாகப் பக்கத்தைப் புரட்டியது. இந்துமதி, பி பிளாக், கை அஞ்சு. அதற்கடுத்த பொங்கலுக்குக் கை ஆறரை. அப்புறம் எட்டு. அப்போதுதான் பேஷன் மாறுகிற காலம், எல்லாப் பெண்களும் கையை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் அது பேஷன் என்றே வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொண்டாள். ஒன்பதரை. பேஷன் திரும்பிப் போய் எல்லாரும் கையைக் குறைத்தபோதும் இவளுக்கு மட்டும் ஒன்பதரை. போன வருஷம் தீபாவளிக்கு அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தவள் பையை நீட்டும்போது முந்தானை சரிந்தது, கையில் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே மஞ்சளும் பச்சையுமாக ஒரு தடம், நாலு விரல் பதிந்த மாதிரி. சகாயமேரி பார்த்தாள். இந்துமதியும் அவள் பார்த்ததைப் பார்த்தாள். இரண்டு பேரும் தீபாவளிப் பலகாரத்தைப் பற்றிப் பேசினார்கள். அதற்கப்புறம் சகாயமேரி என்ன செய்தாள், உட்கார்ந்து தைத்தாள், யாரும் சொல்லாமலே, அவளாகவே, பாவம் பிள்ளைக்கு மறைக்கணுமே என்று, கையில் ஒரு இஞ்ச் அதிகமாக வைத்தாள். ரொம்ப நல்ல காரியம் செய்த நினைப்பு அன்றைக்கு. இந்துமதி போட்டுப் பார்த்துவிட்டு வந்து ஒரு நிமிஷம் நின்றாள், நன்றிக்கா என்றாள். அந்த நன்றிக்காதான் ஒரு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது, கீழேயும் போக மாட்டேன் என்கிறது மேலேயும் வர மாட்டேன் என்கிறது. எதுக்கு நன்றி சொன்னாள். ஊரில் வேறு யாராவது அவள் கையைப் பார்த்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பார்கள், அந்த வழியையும் அடைத்துவிட்டீர்களே அக்கா என்று அர்த்தமா. சேச்சே, அவள் அப்படிப்பட்டவள் இல்லை, நிஜமாகவே நன்றி சொன்னாள், அதுதான் இன்னும் கஷ்டம். பதினொன்றேகால். டேப்பை எடுத்துத் துணிமேல் வைத்தாள். அஞ்சரையில் ஒரு புள்ளி. பதினொன்றில், அவள் கேட்ட நீளத்தில், ஒரு புள்ளி.

மேலே நாற்காலி இழுபட்டது. அதொன்றும் இல்லை, நாற்காலி எல்லா வீட்டிலும்தான் இழுபடும். சகாயமேரி கத்தரியைக் கையில் எடுத்துவிட்டுக் கேட்காத மாதிரி கேட்டாள். இந்த வாரம் இந்துமதி புருஷனுக்கு நைட் ஷிப்ட், காலையில் வந்து படுத்துப் பதினோரு மணிக்கு எழுந்திருப்பான், மோகன்ராஜுக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று பி பிளாக்கில் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும், தங்கள் வீட்டு ஆம்பிளைக்கு எப்போது லீவு என்றுகூட அவ்வளவு சரியாகத் தெரியாது. இத்தனைக்கும் நல்ல பையன். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சகாயமேரியின் வீட்டுக்காரர் தவறிப்போனபோது ஐஸ் பெட்டியிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் கூட நின்றவன் அவன்தான், அவளுக்கு டெங்கு வந்தபோது பைக்கில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான், சிலிண்டர் வந்தால் அக்கா நீங்க தூக்காதீங்க என்று ஓடி வருவான். அந்தக் கைதானே என்று ஒரு நாள் தோன்றியது, சிலிண்டரைத் தூக்குகிற கையைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது, அந்தக் கைதானே இதுவும். உடனே அந்த நினைப்பைத் துரத்திவிட்டாள். மேலே ஏதோ தட்டு விழுந்து சுழன்றது, சுழன்று சுழன்று அடங்க ரொம்ப நேரம் எடுத்தது, அது அடங்குகிற வரைக்கும் சகாயமேரி மூச்சு விடவில்லை. அப்புறம் அவன் குரல். வார்த்தை புரியாது, கனம்தான் தெரியும். அப்புறம் பொத்தென்று ஒன்று. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தணிகாசலம் சார், தபால் ஆபீசில் ரிட்டயரானவர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், பனியனோடு வெளியே வந்தார், மாடிப்படியை ஏறிட்டுப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே படிக்குக் கீழே இருக்கிற மோட்டார் ரூமுக்குப் போனார், ஸ்விட்சைப் போட்டார், அதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மோட்டார் உறுமி எழுந்தது. படி அதிர்ந்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, மேஜையில் கத்தரி மெல்ல நகர்ந்தது. பழைய மோட்டார், மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் பேச்சு வரும், யாரும் மாற்ற மாட்டார்கள். சகாயமேரிக்கு நெஞ்சு லேசானது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் லேசானது, அதுதான் உண்மை.

யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணியது இல்லை இது. தீர்மானம் போட்டதில்லை. மாடியில் சத்தம் கேட்டால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் போய் மோட்டாரைப் போடுவார்கள், அவ்வளவுதான். சில நாள் தணிகாசலம் சார், சில நாள் மூணாவது மாடி ஷகீலா, இரண்டு தடவை, இல்லை மூன்று தடவை, சகாயமேரியே போட்டிருக்கிறாள், பொய் சொல்வானேன், நாலு தடவை. தண்ணி காலையிலேயே ஏத்தியாச்சு, டேங்க் நிறைந்துதான் இருக்கும், இருந்தாலும் போடுவார்கள். குழந்தைகள் கேட்டுவிடக் கூடாது என்று ஷகீலா சொல்வாள். பிரஷர் ஏறுதும்மா என்று சார் சொல்வார். அவள் மானம் போயிடக் கூடாதுன்னுதான் என்று சகாயமேரி சொல்லிக்கொள்வாள், அந்தப் பிள்ளை நாளைக்கு நம்ம முகத்துல முழிக்க வேண்டாமா. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம், எல்லாமே நல்ல காரணம், கெட்ட மனசுக்காரர் ஒருத்தர்கூட இல்லை பி பிளாக்கில். பூங்கோதை ஒரு தடவை நேரில் போய்ப் பேசினாள், போன ஆடியில், மோகன்ராஜ் அவளை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தான், தப்புதான்க்கா, இனிமே நடக்காதுக்கா என்று கண்கலங்கினான். அதற்கப்புறம் இரண்டு மாசம் இந்துமதியைக் குழுவுக்கே அனுப்பவில்லை. அப்படியே விட்டாச்சு. பெண்கள் உதவி எண் போட்ட ஸ்டிக்கரைப் பூங்கோதை ஒட்டிவிட்டுப் போனாள், அது மோட்டார் ரூம் கதவில்தான் இருக்கிறது, மோட்டாரைப் போடப் போகிற கை அந்த ஸ்டிக்கரைத் தள்ளித்தான் கதவைத் திறக்கும். இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று சகாயமேரிக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும். அந்தப் பெயரை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

தேன்மொழி. எட்டு வருஷம் முன்னால் இதே பிளாக்கில் இரண்டாவது மாடியில் இருந்தவள். ஒரு மத்தியானம் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், தலையில் அடி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டா. அவள் புருஷன் அப்படித்தான் சொன்னான், தணிகாசலம் சார் அதையே சொன்னார், ஷகீலா சொன்னாள், பன்னிரண்டு வீட்டிலும் அதே சொல், ஒரு எழுத்து மாறவில்லை. போலீஸ்காரர் ஒருத்தர் நோட்டோடு இந்த ஜன்னலுக்கு வந்தார், இதே மெஷினில் உட்கார்ந்திருந்தாள் சகாயமேரி. சண்டை சத்தம் ஏதாவது கேட்டுச்சாம்மா என்றார். மோட்டார் ஓடிச்சு சார், ஒண்ணும் கேக்கல என்றாள். அது பொய்யில்லை. அன்றைக்கு நிஜமாகவே தண்ணி ஏறுகிற நேரம், மோட்டார் நிஜமாகவே ஓடியது. அதற்கு முந்தின நாள் ஓடவில்லை. அதற்கு முந்தின வாரம் ஓடவில்லை. அவர் அன்றைக்குக் கேட்டதா என்றுதான் கேட்டார், முந்தின வாரம் கேட்டதா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சகாயமேரி எட்டு வருஷமாகச் சொல்லிக்கொள்கிறாள். சொல்லியிருப்பாயா. அலமாரியில் கடைசித் தட்டில், பழைய பேப்பருக்கு அடியில், கிளிப்பச்சை ஜாக்கெட் ஒன்று இருக்கிறது. தேன்மொழி கொடுத்தது, தைத்து முடித்து இஸ்திரி போட்டு வைத்தது, வாங்க வரவில்லை. கை பத்து இஞ்ச். தூக்கிப் போடவும் முடியவில்லை, யாருக்காவது கொடுக்கவும் முடியவில்லை, வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அந்தத் தட்டை மட்டும் விட்டுவிடுவாள். பத்து இஞ்ச் வரைக்கும் வந்தவள் தேன்மொழி. இவள் பதினொன்று கேட்கிறாள். அய்யோ மாதாவே, இதை இப்படியா கணக்குப் போடுவது, புத்தி ஏன் இப்படி ஓடுகிறது, துணியைப் பார்த்தால் துணியாகத் தெரிய மாட்டேன் என்கிறதே. மேஜை ஓரத்தில் அந்தக் காகிதம் வேறு. உறுதிமொழி. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற குரல், கணீரென்று இருக்கும், நீயே படி சகாயம், நாங்க பின்னாடி சொல்றோம் என்று பூங்கோதை கொடுத்துவிட்டுப் போனாள். என் வீட்டிலும் என் பக்கத்து வீட்டிலும் எந்தப் பெண்ணும் அடிபடுவதை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். போன வருஷமும் இதையேதான் சொன்னார்கள், அதற்கு முந்தின வருஷமும், நவம்பரில் ஒரு நாள் கையை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இந்துமதி நின்றாள், அவளும் சொன்னாள், அவள் குரல் சன்னமாக இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் உறுதிமொழி, மிச்ச நாளெல்லாம் மோட்டார்.

போன் அடித்தது. ஸ்டெல்லா. மகள், ஓசூரில் கல்யாணம் பண்ணிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. சகாயமேரி காதில் வைத்து ஒரு விரலால் மற்றக் காதை அடைத்துக்கொண்டு சத்தமாக என்னடா கண்ணு என்றாள். சும்மாதாம்மா என்றாள் ஸ்டெல்லா, சாப்பிட்டியா என்றாள், தைச்சு முடிச்சிட்டியா என்றாள். ஸ்டெல்லா இந்த வீட்டில் வளர்ந்தவள், இந்தப் படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள். "ஏம்மா, இந்நேரத்துல மோட்டார் ஓடுது?" என்று கேட்டாள். சகாயமேரி போனை மறு காதுக்கு மாற்றினாள். "மறுபடியுமா?" என்றாள் ஸ்டெல்லா. தண்ணி ஏறுதுடா, வேற ஒண்ணுமில்ல, அப்புறம் பேசறேன் என்று சகாயமேரி போனை வைத்துவிட்டாள். வைத்தபிறகுதான் உறைத்தது, பிள்ளை எதற்குக் கூப்பிட்டாள். வேலை நாளில் பதினொன்றரை மணிக்குக் கூப்பிட மாட்டாளே. சும்மாதாம்மா என்றாளே, அந்தச் சும்மா எப்படி இருந்தது, மோட்டார் சத்தத்தில் குரலைச் சரியாகக் கேட்கவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முழுக்கை போட்ட சுடிதார் போட்டிருந்தாள். ஓசூரில் குளிர், நவம்பர் மாசம், முழுக்கை போடாமல் என்ன செய்வாள். மாப்பிள்ளை தங்கமான பையன், பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் தங்கமான பையன் என்கிறார்கள், மோகன்ராஜையும் அப்படித்தான் சொல்கிறோம். அந்த அப்பார்ட்மெண்டில் எத்தனை வீடு, இருபத்தி நாலா, அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களும் நல்ல மனுஷர்களாகத்தான் இருப்பார்கள், டிவியைச் சத்தமாக வைப்பார்கள், மிக்சியைப் போடுவார்கள், என் பிள்ளைக்கு மானம் போயிடக் கூடாதே என்று பார்ப்பார்கள். நாலு தடவை போட்டாய் அல்லவா, அது எங்கேயோ ஒரு ஊரில் உன் மகளுக்கு நாலு தடவையாகத் திரும்பி வரட்டும் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. யாரும் சொல்லவில்லை. ஒன்றும் இருக்காது, குளிருக்குத்தான் முழுக்கை, ஒன்றும் இருக்காது. சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இந்தத் தடவை கேட்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே தண்ணி கொட்ட ஆரம்பித்தது. டேங்க் நிறைந்து வழிகிறது, மூணாவது மாடியிலிருந்து சுவரோடு இறங்கி, இந்துமதி வீட்டு ஜன்னலைத் தாண்டி, சகாயமேரி வீட்டு ஜன்னலைத் தாண்டி, துளசிச் செடி வைத்த வாளியில் விழுந்து தெறித்தது. அந்தச் சுவரில் பாசி பிடித்துப் பச்சையாக ஒரு பட்டை இருக்கிறது, வருஷம் முழுக்கக் காயாமல், போன மாசம் வெள்ளையடிக்க வந்த ஆள் எதுக்கு இங்க மட்டும் இவ்வளவு ஈரம், எங்கேயாவது பைப் உடைஞ்சிருக்கா என்று கேட்டான், எல்லாரும் வேறு வேலை இருக்கிற மாதிரி உள்ளே போனார்கள். சகாயமேரி தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் மட்டும்தான் கேட்டது. மேலே அடங்கிவிட்டதா. இருபது நிமிஷம் ஆகிவிட்டது, அடங்கியிருக்கும், அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பியிருப்பான், அவள் தட்டைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அல்லது அடங்கவில்லை. அல்லது அவள் கூப்பிடுகிறாள். அக்கா என்று கூப்பிட்டால்கூடக் கேட்காது, ஸ்டெல்லாவின் குரலே காதுக்குள் வைத்தும் கேட்கவில்லையே, கூரைக்கு மேலே இருக்கிறவள் குரல் எப்படிக் கேட்கும். இத்தனை நாளும் சத்தம்தான் பயம் என்று நினைத்திருந்தாள், பொத்தென்று கேட்கிற சத்தம், அதைக் கேட்க முடியாமல்தான் மோட்டார். ஆனால் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்காமல் இருப்பதுதான் உயிரை வாங்கியது. அன்றைக்கும் இப்படித்தான் கேட்கவில்லை. அன்றைக்கும் தைத்துக்கொண்டிருந்தாள், கிளிப்பச்சைத் துணி. தேன்மொழி கூப்பிட்டாளா. கூப்பிட்டிருப்பாள். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பன்னிரண்டு வீட்டில் எந்த வீட்டுக்காரி பேரை. இது சகாயமேரிக்கு இன்றைக்கு வரைக்கும் தோன்றாத நினைப்பு. மோட்டார் ஓடிச்சு சார், ஒண்ணும் கேக்கல. நாளைக்கும் ஒரு போலீஸ்காரர் இந்த ஜன்னலுக்கு வருவார், அதே வார்த்தையைச் சொல்வாய், அதுவும் பொய்யாக இருக்காது. கத்தரி கையில் இருந்தது. அதை மேஜைமேல் வைத்தாள். டேப் கழுத்தில் தொங்கியது, அதை எடுக்கத் தோன்றவில்லை. எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, செருப்பைத் தேடி, கிடைக்காமல், வெறுங்காலோடு வெளியே வந்தாள். படிக்குக் கீழே இருட்டாக இருந்தது, தரை அதிர்ந்தது. மோட்டார் ரூம் கதவில் அந்த ஸ்டிக்கர், ஓரம் உரிந்து, தொட்டுத் தொட்டு அழுக்கேறி. சகாயமேரி ஸ்விட்சை அணைத்தாள்.

அமைதி இப்படி விழும் என்று அவள் நினைக்கவில்லை. மோட்டார் முனகி நின்றது, சுவரில் தண்ணி மட்டும் கொஞ்ச நேரம் சொட்டியது, அதுவும் குறைந்தது, அப்புறம் பி பிளாக்கில் என்னென்ன உண்டோ அத்தனையும் கேட்டது, ஷகீலா வீட்டுக் குக்கர், யாரோ துணி பிழிவது, தணிகாசலம் சார் இருமுவது. அதற்கெல்லாம் நடுவில், முதல் மாடியிலிருந்து, அடி விழுகிற சத்தம் ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு சின்னக் குரல். அழுகையாகக்கூட இல்லை, வேண்டாம் வேண்டாம் என்று மூச்சில் சொல்கிற குரல். தெளிவாகக் கேட்டது. பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது, கேட்கவில்லை என்று சொல்ல இப்போது யாராலும் முடியாது. தணிகாசலம் சார் கதவைத் திறந்துகொண்டு அவசரமாக வந்தார், கரண்ட் போயிருச்சா என்று கேட்க வந்தவர் சகாயமேரி ஸ்விட்சுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் கை ஸ்விட்சை நோக்கி வந்தது, பழக்கம், வேறொன்றும் இல்லை. "வேணாம் சார்" என்றாள் சகாயமேரி, "போடாதீங்க. அந்த ஸ்டிக்கர்ல இருக்கற நம்பருக்குப் போன் போடுங்க." அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போனது, ரொம்ப வயசானவராகத் தெரிந்தார். அப்புறம் பனியனுக்கு மேல் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடியைத் தேடி உள்ளே போனார். திரும்பி வருவாரா என்று சகாயமேரி காத்திருக்கவில்லை. படியேறினாள். பதினாறு படி, ஒவ்வொன்றிலும் பயம், அவன் கதவைத் திறந்து அக்கா என்று கூப்பிடுவானே, என்ன சொல்வது, டெங்கு வந்தபோது பைக்கில் கூட்டிப் போனவனிடம் என்ன முகத்தோடு என்ன சொல்வது. பாதிப் படியில் கால் நின்றது. மேலே ஷகீலா எட்டிப் பார்த்தாள், கையில் கரண்டியோடு, பார்த்தவள் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் இறங்க ஆரம்பித்தாள். அவள் இறங்குவதைப் பார்த்ததும் சகாயமேரியின் கால் நகர்ந்தது. பின்னால் தணிகாசலம் சாரின் குரல், போனில், அட்ரஸ் சொல்லிக்கொண்டிருந்தார், ஹவுசிங் போர்டு, பி பிளாக், முதல் மாடி, ஆமாங்க, இப்பத்தான், எனக்கே கேக்குது.

சகாயமேரி கதவைத் தட்டினாள். உள்ளே சட்டென்று அடங்கியது. மறுபடி தட்டினாள். தாழ்ப்பாள் நகர்ந்து கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது, மோகன்ராஜ் நின்றான், பனியன் நனைந்து, மூச்சு வாங்க. சகாயமேரியைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் ஷகீலாவைப் பார்த்தான், படியில் நின்றுகொண்டிருந்த இன்னும் இரண்டு பேரைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள், மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. நிஜமாகவே புரியாதவன் மாதிரிக் கேட்டான்.

"யாருக்கா மோட்டாரை நிறுத்தினது?"

இத்தனை வருஷம் மூடிவைத்ததாக நினைத்ததெல்லாம் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. யாருக்காக ஓடியது என்று அவனுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது. தொண்டையில் ஒரு வருஷமாக நின்றது அப்போதுதான் இறங்கியது.

"நான்தான் தம்பி" என்றாள். "இனிமே அது தண்ணிக்கு மட்டும்தான் ஓடும். இன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்கும்." குரல் கணீரென்று வந்தது, மூணாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அவன் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். சுவரோரமாக இந்துமதி உட்கார்ந்திருந்தாள், ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்காமல். வெளியே இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், முந்தானையை இழுத்துக் கையை மூடப் பார்த்தாள்.

"இந்து" என்று கூப்பிட்டாள் சகாயமேரி. "உன் கைத்துணி இன்னும் வெட்டல. நான் பாட்டுக்கு எதையும் வெட்ட மாட்டேன். நீ கீழ வா, வந்து எவ்வளவு வைக்கணும்னு நீ சொல்லு."

மோகன்ராஜ் கதவைச் சாத்தவில்லை, படியில் நின்ற யாரும் போகவில்லை. அப்புறம் இந்துமதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சரிந்த முந்தானையைச் சரி செய்யாமலே அவனைத் தாண்டி வெளியே வந்தாள். ஷகீலா கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டாள்.